மைனஸ் மேல் யார் உட்காருவது?

வண்டி நின்றால் முதலில் சீட்டைத் தூக்கிப் பாருங்கள், பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும் என்று பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் நானும் புதிதாக வந்தவர்களிடம் அதைத்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை அப்படிச் சீட்டைத் தூக்கிப் பார்த்ததால்தான் நான் ஏமாந்தேன். ஏமாந்தது நான், தண்டனை இன்னொருவருக்கு. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

என்னைப் பேசக் கூப்பிட்ட உங்கள் மேலாளர், "உங்க சாதனைகளைச் சொல்லுங்க சார், பசங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார். சாதனைகளை எல்லாம் பிரிவு உபசார விழாவிலேயே சொல்லித் தீர்த்துவிட்டேன். அதில் பாதி பொய். இது பொய்யில்லை, அதனால் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் விற்கிற வண்டிக்குக் கம்பெனிப் புத்தகத்தில் கோல்ஃப் கார்ட் என்று பெயர். சேலம் முதல் நாமக்கல் வரை என் கையில் வந்த வண்டிகளில் ஒன்றுகூட கோல்ஃப் மைதானத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒன்று கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் ஊர்ந்தது. ஒன்று ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கும் பில் கட்டுகிற இடத்துக்கும் நடுவே அலைந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் பேட்டரி கார். கார் என்று சொல்லிவிட்டால் அதில் ஏறுகிறவருக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

நான் சொல்கிற வண்டி, நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி போகிற பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இருந்தது. பெயர் வேண்டாம். வண்டியின் இரண்டு பக்கமும் 'நடக்க இயலாதோர் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதில் பெரும்பாலும் ஏறியவர் கல்லூரியின் தாளாளர்தான். அவர் நன்றாகவே நடப்பார். கோழித்தீவன வியாபாரத்தில் மேலே வந்தவர். அவருடைய தீவன மூட்டை ஒவ்வொன்றிலும் அவர் கைகூப்பிச் சிரிக்கிற படம் அச்சடித்திருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு அவர் நேரில் வந்தால் கொஞ்சம் குழப்பமாக இருக்கும், ஏனென்றால் நேரில் அவர் சிரிப்பதில்லை.

அவருக்கு வாஸ்துவில் நம்பிக்கை அதிகம். கல்லூரிக்குள் நுழைந்ததுமே அது தெரிந்துவிடும். கிழக்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். நூலகத்துக்குப் போகிற நேர்வழியை மூடிவிட்டதால் மாணவர்கள் கழிவறை வழியாகச் சுற்றிப் போய்த்தான் படித்தார்கள். இதையெல்லாம் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். சிரித்ததோடு விட்டுவிட்டேன், யோசிக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் இதுதான்: வண்டி வழியில் திடீரென்று நின்றுவிடுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்புகிறது. நான் போய் இறங்கியதும் நிர்வாக அலுவலர் எதிரே வந்தார். ஏ.ஓ. என்றுதான் அங்கே எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒல்லியான மனுஷன், சட்டைப் பையில் மூன்று பேனா.

"வாங்க சார். வண்டி மேல நாங்க ஒரு குத்தமும் சொல்ல மாட்டமுங்க. வண்டி தங்கமுங்க. டிரைவரு பொம்பளைங்க. அதானுங்க பாக்கோணும்" என்றார்.

வைத்தியர் வருவதற்கு முன்பே நோய்க்குப் பெயர் வைத்துவிடுகிற வீடுகள் உண்டு. அந்த மாதிரி இடம் அது.

டிரைவர் பெயர் மல்லிகா. எடப்பாடிக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினைந்து வருஷம் விசைத்தறியில் நின்றே வேலை செய்தவர். இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. இனி நின்று செய்கிற வேலை எதுவும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் இல்லை. சொந்தக்காரர் யாரோ சொல்லி இந்தக் கல்லூரியில் கூட்டுகிற வேலைக்கு வந்திருக்கிறார். அதுவும் நின்று செய்கிற வேலைதான். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டினார். பேட்டரி கார் வந்திறங்கியதும், யார் ஓட்டுவது என்ற பேச்சு முடிவதற்குள் இரண்டே நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டார். ஏன் அவ்வளவு அவசரம் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்:

"இந்தக் காலேஜுலயே உக்காந்து செய்யற வேலை எனக்குத் தெரிஞ்சு ரெண்டுதானுங்க சார். ஒண்ணு பிரின்சிபாலு. இன்னொண்ணு இது."

நான் சீட்டைத் தூக்கினேன். ஆறு பேட்டரி, பெட்டியைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஒவ்வொரு பேட்டரி மேலும் காய்ந்திருந்தன. நடுவில் ஒரு கேபிளில் கருப்பு டேப் சுற்றி, அந்த டேப்பின் மேலும் அழகாக ஒரு பொட்டு. மீட்டரை வைத்தேன். வோல்ட் சரியாக வந்தது. டெர்மினல் நட்டுகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இறுக்கம்.

டேப் சுற்றியிருந்த அந்த இடத்தை மட்டும் நான் தொடவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பொட்டு வைத்திருந்தது. பொட்டு வைத்த பொருளைப் பிரித்து எறிய எனக்குக் கை வரவில்லை. டேப் ஏன் சுற்றினார்கள் என்று கேட்க வேண்டிய புத்தி, பொட்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்றுகொண்டது. மற்ற வேளைகளில் நான் பெரிய பக்திமான் ஒன்றும் இல்லை. என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

பிறகு மல்லிகாவை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து வளாகத்தை மூன்று சுற்று வந்தேன். மேடு, பள்ளம், விடுதிக்குப் போகிற ஏற்றம் எல்லாம் ஏறினோம். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"நல்லாத்தானே போகுது? எப்பம்மா நிக்குது?" என்றேன்.

"பெரிய ஐயா உக்காந்தா மட்டுந்தானுங்க சார் நிக்குது" என்றார்.

நான் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். வண்டிக்கு ஆள் தெரியுமா? முதலாளி பக்கத்தில் உட்கார்ந்ததும் இந்தம்மாவுக்குக் கை கால் பதறுகிறது, ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிக்கிறார் என்று எனக்கு நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அவர் சொன்னது வண்டியைப் பற்றிய தகவல். எனக்கு அது அவரைப் பற்றிய தகவலாகக் காதில் விழுந்தது.

நம் சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'கோளாறுக்குக் காரணம்' என்று ஐந்து கட்டம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். பேட்டரி, கேபிள், கண்ட்ரோலர், மோட்டார் என்று நான்கு கட்டத்தில் எதில் டிக் போட்டாலும் கம்பெனி உதிரிபாகம் தர வேண்டும், மேலாளருக்கு நான் விளக்கம் தர வேண்டும். ஐந்தாவது கட்டம் 'ஓட்டுநர் கையாளுதல்'. அதில் டிக் போட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. வீட்டுக்கு நேரத்தில் போகலாம். எனக்கு அன்றைக்கு அயோத்தியாப்பட்டணம் வரை திரும்ப வேண்டியிருந்தது, வெயில் வேறு. ஐந்தாவது கட்டத்தில் டிக் போட்டேன். 'பதற்றம்' என்று பக்கத்தில் ஒரு வார்த்தையும் எழுதி, அழகாகக் கையெழுத்துப் போட்டேன். ஏ.ஓ. அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து மேலாளர் போன் பண்ணினார். வண்டி மறுபடியும் நின்றுவிட்டதாம். இந்த முறை விடுதி ஏற்றத்தில், தாளாளர் உட்கார்ந்திருக்க, வகுப்பு விட்டு வந்த இருநூறு பிள்ளைகள் பார்க்க. யாரோ படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை பதினொரு மணிக்குத் தர ஆய்வுக் குழு கல்லூரிக்கு வருகிறது. தாளாளர் அந்த வண்டியில்தான் குழுத் தலைவருக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டப்போகிறார். "அவருக்கு இன்னும் ரெண்டு காலேஜ் இருக்கு. நாலு வண்டி பேச்சுல இருக்கு. போய்ச் சரி பண்ணுங்க. சரி பண்ண முடியலன்னாலும் பரவாயில்ல, எதையும் கெடுத்துராதீங்க" என்றார் மேலாளர். பணிக்காலம் முழுவதும் எனக்குக் கிடைத்த கட்டளைகளிலேயே தெளிவான கட்டளை அதுதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் நான் போய்விட்டேன். வண்டி நிறுத்துகிற கொட்டகைக்கு வெளியே மல்லிகா கையில் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே பழைய துணியை இறுக்கிச் சுற்றியிருந்தார்.

"என்னம்மா, வண்டி ஓட்டலையா?" என்றேன்.

"உங்க ரிப்போட்டுதானுங்க சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எந்த ஊர் வழியாகப் போகும் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

நடந்தது இது. நான் எழுதிக்கொடுத்த காகிதத்தை இணைத்து ஏ.ஓ. அவருக்கு மெமோ கொடுத்துவிட்டார். ஒரு வாரமாகக் கூட்டுகிற வேலை. வண்டி ஓட்ட ஏ.ஓ.வின் மச்சான் வந்திருக்கிறான். விடுதி ஏற்றத்தில் தாளாளரோடு நின்றபோது ஓட்டியது அந்த மச்சான்தான். சரி, அப்படியானால் மல்லிகா மேல் தப்பில்லை என்று ஆக வேண்டுமல்லவா? ஆகவில்லை. அவர் ஓட்டி ஓட்டி வண்டியை முன்பே கெடுத்துவைத்துவிட்டார் என்று ஆனது. மச்சான் அவமானத்தில் விடுப்புப் போட்டுவிட்டுப் போய்விட்டான். குழு வந்து போகிற வரைக்கும் மல்லிகா இருக்கலாம், அதற்குப் பிறகு கூட்ட முடிந்தால் கூட்டலாம், முடியாவிட்டால் ஊருக்குப் போகலாம் என்று ஏ.ஓ. சொல்லியிருக்கிறார்.

"கால் ஒத்துக்குதா?" என்று கேட்டேன். கேட்கவே கூச்சமாக இருந்தது.

"எங்கீங்க. ராத்திரியெல்லாம் குத்துதுங்க. இன்னைக்கு ஒரு நாளுதானே, நின்னு பாத்துட்டு ஊட்டுக்குப் போயிரலாம்னு இருக்கறேனுங்க."

நான் யோசிக்காமல் போட்ட ஒரு டிக், இந்தம்மா காலில் துணியாகச் சுற்றியிருக்கிறது.

"அன்னைக்கு என்னம்மா சொன்னே? மறுபடி சொல்லு."

"பெரிய ஐயா உக்காந்தா மட்டும் நிக்குதுங்க சார். ஐயா இல்லாம நானு நாள் பூரா ஓட்டுவேன். நிக்காதுங்க. வாத்தியாருங்களை ஏத்தீட்டுப் போனாலும் நிக்காதுங்க."

இந்த முறை நான் சிரிக்கவில்லை. தாளாளரிடம் இருந்து வாத்தியார்களிடம் இல்லாதது என்ன? பணம், பதவி, வாஸ்து. இவை எதையும் கண்ட்ரோலர் உணராது. பேட்டரிப் பெட்டிக்கு மேலே நேராக வந்து அழுத்துவது ஒன்றுதான். எடை.

முதல் நாள் மூன்று சுற்று போனபோது, தாளாளர் உட்காருகிற இடது பக்கச் சீட்டில் உட்கார்ந்தது நான். என் எடை அறுபதைத் தாண்டாது. கோளாறைத் தேடும்போதோ, சீட்டைத் தூக்கிவிடுகிறேன். அழுத்துகிற பாரம் போனால் கோளாறும் போகிறது. நான் பார்க்கப் பார்க்க அது ஒளிந்துகொள்கிறது. அப்படியானால் சீட்டைத் தூக்காமல், தாளாளர் உட்கார்ந்திருக்கும்போதே சோதிக்க வேண்டும். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோதிப்பது நடக்கிற காரியமா?

ஏ.ஓ.விடம் போனேன். "ஐயா எத்தனை கிலோ இருப்பாருங்க?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "அதையெல்லாம் கேக்கக் கூடாதுங்க சார்."

"வண்டிக்காகத்தான் கேக்கறேன்."

"எதுக்காகக் கேட்டாலும் ஆகாதுங்க. போன வருசம் ஆஸ்பத்திரி கேம்ப்புல ஒரு நர்சம்மா சத்தமாப் படிச்சிருச்சு. கேம்ப்பையே நிறுத்தீட்டமுங்க."

மல்லிகா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். "ரெண்டு மூட்டைத் தீவனம் வெச்சுப் பாருங்க சார்" என்றார் மெதுவாக. பதினைந்து வருஷம் தறியில் பாவு நூல் சுற்றிய உருளைகளைத் தூக்கிப் பழகிய ஆள். எடை கண்ணிலேயே தெரியும் போலிருக்கிறது.

விடுதிக்குப் பின்னால் முட்டைக்காகக் கொஞ்சம் கோழி வளர்த்தார்கள். அங்கிருந்து ஐம்பது கிலோ மூட்டை இரண்டைத் தூக்கிவந்து தாளாளர் உட்காருகிற இடத்தில் அடுக்கினோம். இரண்டு மூட்டையிலிருந்தும் தாளாளர் கைகூப்பிச் சிரித்தார். மல்லிகா ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு விட்டார், அது வண்டிக்காக இல்லை. ஏற்றத்தில் ஏறினோம். வண்டி ஜோராகப் போனது. இறங்கி வந்தோம், மறுபடி ஏறினோம். நிற்கவே இல்லை.

என் முகம் தொங்கிப்போயிருக்க வேண்டும். ஏ.ஓ. பக்கத்தில் வந்து, எங்கோ மரத்தைப் பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார்: "இன்னும் ஒரு பத்துக் கிலோ எச்சா வையுங்க."

வைத்தோம். கொட்டகையை விட்டு இருபது அடி போவதற்குள் வண்டி கப்சிப்பென்று நின்றது. என் வாழ்க்கையில் ஒரு வண்டி நின்றதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

மூட்டையை இறக்காமல், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே மீட்டர் முனைகளை விட்டேன். மல்லிகாவை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். மோட்டாருக்குப் போக வேண்டிய வோல்ட் எல்லாம் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு கிடந்தது. எந்த இடம் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். பொட்டு வைத்த டேப்.

மூட்டைகளைக் கீழே இறக்கி, சீட்டைத் தூக்கினேன். டேப்பைப் பிரிக்கப் போனவன் மறுபடி ஒரு கணம் தயங்கினேன். மல்லிகா முந்தானையால் அந்தப் பொட்டைத் துடைத்துவிட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பிரிங்க சார். சாமி ஒண்ணும் நெனச்சுக்காது."

உள்ளே ஒரு ஒட்டு. கேபிள் எட்டாமல், லாரிக் கேபிள் துண்டு ஒன்றை போல்ட் போட்டு இணைத்திருந்தார்கள். வாஷர் கருகி, போல்ட் நீலம் பாரித்திருந்தது. மேலே பாரம் ஏறினால் சீட்டுப் பலகை தாழ்ந்து ஒட்டின் ஒரு பக்கத்தை அமுக்கும், மறுபக்கம் நெம்பிக்கொண்டு எழும். அதோடு கரண்ட் போச்சு. கம்பெனியிலிருந்து வந்த கேபிள் ஏன் எட்டவில்லை என்று பார்த்தால், ஆறு பேட்டரியும் இருக்க வேண்டிய திசைக்கு நேர் எதிராகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. முதல் நாள் இதைப் பார்க்காமல் நான் எதைப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். வோல்ட்டைப் பார்த்தேன்.

"யாருங்க இதைத் திருப்பினது?" என்று ஏ.ஓ.வைக் கேட்டேன்.

அவர் பேனாக்களைச் சரிசெய்துகொண்டார். பிறகு ரகசியக் குரலில் சொன்னார். வாஸ்துக்காரர் ஒரு நாள் வண்டியைப் பார்த்திருக்கிறார். தாளாளர் உட்காருகிற இடத்துக்கு நேர் கீழே பேட்டரியின் மைனஸ் இருக்கிறது. முதலாளி மைனஸ் மேல் உட்கார்ந்தால் நினைத்த காரியம் நடக்காது என்று சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரிப் பஸ் எலக்ட்ரீசியனை வைத்துத் திருப்பி, ஒட்டுப் போட்டு, பூஜையும் போட்டுவிட்டார்கள். வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்பதால் டிரைவருக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை.

"அப்ப மைனஸ் இப்ப எங்க இருக்கு?"

"டிரைவரு சீட்டுக்குக் கீழங்க."

மல்லிகா தன் சீட்டை ஒருமுறை குனிந்து பார்த்தார்.

"ஐயாகிட்ட எலி கடிச்சிருச்சுன்னு சொல்லீருங்க சார்" என்றார் ஏ.ஓ. "எல்லாத்துக்கும் நல்லது."

தம்பிகளா, தங்கைகளா, நம் தொழிலில் பதில் பேச முடியாதவர்கள் இரண்டு பேர். ஒன்று எலி, இன்னொன்று டிரைவர். நாம் எழுதுகிற ரிப்போர்ட்டுகளில் பாதி இந்த இரண்டு பேர் தலையில்தான் விடிகிறது. எலி நல்ல யோசனைதான். தாளாளரின் எடை வெளியே வராது, வாஸ்து தப்பாது, நாலு வண்டி ஆர்டரும் தப்பாது, நான் முதல் நாள் செய்த தப்பும் எலியோடு வளைக்குள் போய்விடும். நான் பெரிய உத்தமன் இல்லை. ஒரு நிமிஷம் முழுதாக எலியை யோசித்தேன். ஆனால் எலியென்று சொன்னால் அந்த ஒட்டுக்கு மறுபடி டேப் சுற்றிப் பொட்டு வைப்பார்கள். ஒரு மாதத்தில் வண்டி மறுபடி நிற்கும். அன்றைக்கு எலி கிடைக்காது. மல்லிகா கிடைப்பார்.

அந்த நேரம் பார்த்துத் தாளாளரின் கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டி சட்டையில் இறங்கியவர், தன் படம் போட்ட மூட்டைகள் தன் சீட்டுக்குப் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்தார். அவை சிரித்தன. அவர் சிரிக்கவில்லை.

"என்னய்யா இது?"

ஏ.ஓ. என்னைப் பார்த்தார். எலி என்று வாயசைத்தார்.

"ஐயா, பேட்டரியத் திருப்பி வெச்சிருக்காங்க. கேபிள் எட்டாம ஒட்டுப் போட்டிருக்காங்க. பாரம் ஏறினா ஒட்டு விட்டுப்போகுது. டிரைவர் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பா எழுதிக் குடுத்தது நான்."

இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் இவ்வளவு குறைவான வார்த்தைகளில் பேசியதில்லை.

"பாரம்னா?"

"நீங்க உக்காந்தா, ஐயா."

"வாத்தியாருங்க உக்காந்தா?"

"நிக்காதுங்க."

"இந்தாளு உக்காந்தா?" ஏ.ஓ.வைக் காட்டிக் கேட்டார்.

"நிக்காதுங்க."

அவர் மூட்டைகளை எண்ணிப் பார்த்தார். ஐம்பது, ஐம்பது, மேலே தனியாகக் கட்டிவைத்த சின்ன மூட்டை.

"இந்தப் பத்துக் கிலோவை எச்சா வெக்கச் சொன்னது யாரு?"

ஏ.ஓ. தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன். கொட்டகையில் நல்ல சிமென்டுத் தரை போட்டிருந்தார்கள்.

தாளாளர் அந்தச் சின்ன மூட்டையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். ஆர்டர் போச்சு, என் பென்ஷன் பேப்பரில் கறுப்பு மை விழப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்:

"சரி பண்ணினா மைனஸ் திரும்ப எனக்குக் கீழ வந்துருமா?"

அவருக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். எடையும் இல்லை, மானமும் இல்லை. எனக்கு உயிர் வந்தது.

"வேண்டியதில்லீங்க. ஒட்டில்லாத நீளக் கேபிள் என்கிட்ட இருக்கு. முனை அடிச்சு ஒரே கேபிளாப் போட்டுடறேன். பேட்டரி இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

"அப்ப மைனஸ்?"

"டிரைவர் சீட்டுக்குக் கீழயே இருக்கும்."

அவர் மல்லிகாவைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை மாதம் பக்கத்தில் உட்கார்ந்து போனவர் அவரை முகம் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். தாளாளரிடம் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். தான் நம்புவதை அவர் மற்றவர்களுக்கும் சேர்த்தே நம்பினார்.

"ஏம்மா, உனக்குச் சம்மதமா? அதுமேல உக்காந்தா நெனச்ச காரியம் நடக்காதுங்கறாங்க."

மல்லிகா காலில் சுற்றியிருந்த துணியை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்:

"நான் நெனச்ச காரியமே உக்காரறதுதானுங்க ஐயா. எதுமேலன்னு நான் கேக்கலீங்க."

தாளாளர் ஏ.ஓ.விடம் திரும்பி, "அந்த மெமோவைக் கிழிச்சுப் போடு" என்று சொல்லிவிட்டு நடந்தே அலுவலகத்துக்குப் போனார். முன்பே சொன்னேனே, அவர் நன்றாக நடப்பார்.

எனக்கு ஒரு மணி நேரம் வேலை. பதினொரு மணிக்குக் குழு வந்தது. மல்லிகா ஓட்டினார். தாளாளர் குழுத் தலைவரைத் தன் இடத்தில் உட்காரவைத்து, தான் பின்சீட்டில் உட்கார்ந்து வாசலை அடைத்ததன் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனார். குழுத் தலைவரும் பத்துக் கிலோ எச்சா இருக்கிற ஆள்தான். விடுதி ஏற்றத்தில் வண்டி சத்தமில்லாமல் ஏறியதைக் கொட்டகையில் நின்று பார்த்தேன்.

பிறகு ஏ.ஓ.விடம் என் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, குறுக்கே கோடு போட்டு, 'ஓட்டுநரிடம் குறை இல்லை. நான் சரியாகச் சோதிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கம்பெனி எனக்கு ஒரு மெமோ கொடுத்தது. மூன்று பத்தி. கம்பெனியின் நற்பெயர் என்று நான்கு இடத்தில் வந்தது. அந்த வண்டி இப்போது ஓடுகிறதா என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. அதை இன்னும் வைத்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் பிறகு வாருங்கள்.

அன்று மத்தியானம் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மல்லிகா வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏறுங்க சார், கேட்டு வரைக்கும் உட்டர்றேன். பெரிய ஐயா சீட்டுலயே உக்காருங்க."

ஏறி உட்கார்ந்தேன். வெயில் கொளுத்தியது. மல்லிகா ஒரு காலை லேசாக நீட்டி வைத்துக்கொண்டு நிதானமாக ஓட்டினார். நூலகத்தைத் தாண்டும்போது, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஏனுங்க சார், இன்னைக்குச் சொன்னதையேதானுங்க நான் அன்னைக்கும் சொன்னேன். அன்னைக்கு ஏனுங்க சார் சிரிச்சீங்க?"

கேட் இன்னும் தூரத்தில் இருந்தது. நான் கட்டடத்தைப் பார்த்தேன், மரத்தைப் பார்த்தேன், பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். வண்டி குலுங்காமல், முனகாமல், ஒரு இடத்தில்கூடத் தயங்காமல் போய்க்கொண்டே இருந்தது. என் பணிக்காலத்தில் நானே சரி பண்ணிய ஒரு வண்டி வழியில் நின்றுவிடாதா என்று நான் ஏங்கியது அந்த ஒரு தடவைதான்.